பன்னிரண்டாவது குறை

உங்கள் விபத்து அறிக்கையில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது, ஐயா. மூன்றாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி. அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். வாசலில் இருந்த காவலர் என்ன விஷயம் என்று கேட்டார். பிழைதிருத்தம் என்றேன். "அதுக்கெல்லாம் ஐயாவைப் பாக்க முடியாது, எழுதிப் பெட்டியில போட்டுட்டுப் போங்க" என்றார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குறையாகச் சொல்லவில்லை. காத்திருப்பது என் தொழிலில் பாதி.

தொழில் என்ன என்று கேட்டீர்கள். கார் கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டுகிற கடை. ஆனால் நான் ஒட்டுவது குறைவு. ஒட்டியது கெட்டுப்போனால், ஏன் கெட்டது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. ஃபிலிம் குமிழ் விடும், மடங்கும், ஊதா நிறமாகும், ஓரங்களில் விரல் விரலாகக் காற்று ஏறும். கார்க்காரர் ஒட்டியவனைத் திட்டுவார். ஒட்டியவன் கம்பெனியைத் திட்டுவான். கம்பெனி வெயிலைத் திட்டும். வெயில் மட்டும்தான் யாரையும் திருப்பித் திட்டுவதில்லை. நடுவில் ஒரு ஆள் நின்று, இது இன்னாரால் வந்தது என்று சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த ஆள் நான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. பெயர், புகழ், மேடை இதிலெல்லாம் எனக்கு நாட்டமே கிடையாது. இதை முதலிலேயே குறித்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது.

ஒரு தடவை ஒரு வழக்கறிஞர் வந்தார். பின்கதவுக் கண்ணாடி முழுக்கக் கீறல். "இது உற்பத்திக் குறைபாடு. கோர்ட்டுல நிறுத்துவேன்" என்று ஆரம்பித்தவர், கம்பெனியை மூன்று சட்டப் பிரிவுகளில் உள்ளே தள்ளிவிட்டுத்தான் மூச்சு விட்டார். நான் குனிந்து பார்த்தேன். கீறல்கள் உள்பக்கத்தில், கீழ்ப்பாதியில் மட்டும், நாலு நாலாக இருந்தன.

"நாய் சின்னதா பெரிசா சார்?" என்றேன்.

"எங்க வீட்ல நாய் இருக்குன்னு யாருய்யா சொன்னது?"

"அதுவே கையெழுத்துப் போட்டிருக்கு சார்."

அவர் குனிந்து கீறல்களைப் பார்த்தார். பிறகு கைகூப்பிவிட்டுப் போனார். கைகூப்பியது என்னைப் பார்த்து இல்லை. என் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்து.

மாப்பிள்ளை என்றால் என் ஒரே தங்கையின் கணவன். கடை எங்கள் இருவருக்கும் பொது. எனக்குக் கண், அவனுக்கு வாய், அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் குறையைப் பார்த்து நோட்டில் ரெண்டு வரி எழுதுவேன். அவன் நோட்டை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டு கார்க்காரருக்குப் படித்துச் சொல்வான். முதலில் சாதாரணச் சட்டையில்தான் படித்தான். திடீரென்று ஒரு நாள் வெள்ளைக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"என்ன மாப்ளே, ஊசி போடப் போறியா?" என்று கேட்டேன்.

"சிரிக்காதே மச்சான். ஜனங்க கண்ணாடியைப் பாக்க மாட்டாங்க, கோட்டைத்தான் பாப்பாங்க."

அவன் சொன்னது சரியாகிவிட்டது, அதுதான் கொடுமை. கோட்டு வந்த பிறகு ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. "நீர்க்கோர்வை. முப்பது நாள் பூரண ஓய்வு" என்பான். கார்க்காரர் பயபக்தியோடு தலையாட்டுவார். கண்ணாடிக்குப் பத்தியம் உண்டா என்று கேட்காததுதான் பாக்கி. எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளடைவில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். வீட்டில் என் தங்கை மட்டும் "டாக்டர், குப்பைப் பையை வெளியில வச்சீங்களா?" என்று கேட்பாள். அவளுக்கு அந்தக் குறும்பு இருந்தது.

நோட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதி முடித்தவை ஏழு. ஒவ்வொரு குறைக்கும் தனிப் பக்கங்கள். எந்த வண்டி, எந்தப் பக்கத்துக் கண்ணாடி, ஒட்டி எத்தனை நாளில் வந்தது, எந்த வெளிச்சத்தில் தெரிந்தது, தப்பு யாருடையது. பெயர்களும் நான் வைத்தவைதான். காற்று விரல், பசைக்கோடு, நீர்ப்பால் என்று. நீர்ப்பால் பயப்பட வேண்டாத சமாச்சாரம். ஒட்டும்போது தெளிக்கிற தண்ணீர் கொஞ்சம் ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தங்கிவிடும். திட்டுத் திட்டாக வெளுப்பாகத் தெரியும். கை வைக்காமல் விட்டால் முப்பது நாளில் தானாக உலர்ந்து தெளிந்துவிடும். எங்கள் தொழிலில் வாடிக்கையாளருக்குச் சொல்கிற சமாதானங்களில் பாதி இந்த முப்பது நாள்தான்.

ஒரு நாள் தங்கை வந்தாள். "அண்ணா, பென்சில் எழுத்தெல்லாம் மங்கிட்டு வருது பாரு. குடு, நான் கம்ப்யூட்டர்ல அடிச்சு வச்சிடறேன்."

என்னைத் தவிர அந்த நோட்டுகளை வேறு யாரும் பிரித்துப் படித்ததில்லை. மாப்பிள்ளைகூட அன்றன்றைக்கு உரிய ரெண்டு வரியைத் தாண்டிப் பார்த்ததில்லை. அவளிடம் கொடுத்தேன். ரெண்டு மாதம் உட்கார்ந்து அடித்தாள். நடுநடுவே போன் வரும். "அண்ணா, இது பசையா, பசுவா? உன் எழுத்தைப் படிக்கத் தனியா ஒரு டாக்டர் வேணும்." அந்த ரெண்டு மாதமும் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஆறு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. 'கார் கண்ணாடியின் பதினொரு நோய்கள்'. அட்டையில் மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டோடு நின்று, ஒரு முன்கண்ணாடிக்கு நாடி பார்ப்பதுபோல இரண்டு விரல் வைத்திருந்தான். உள்ளே என் வரிகள். நான் 'அரைகுறையாக' என்று எழுதிய இடத்தில் 'ஓரளவு முழுமையுறாத நிலையில்' என்று மாற்றியிருந்தான். அவன் உழைப்பு அவ்வளவுதான். நன்றியுரை ஒன்றரைப் பக்கம். பெற்றோர், பள்ளி ஆசிரியர்கள், அச்சகத்தார், கோட்டைத் தைத்த தையல்காரர் எல்லோரும் வந்துபோனார்கள். கடைசி வரியில் 'எங்கள் கடை ஊழியர்களுக்கும்' என்று இருந்தது. கடையில் அவனைத் தவிர இருப்பது நான் ஒருவன். பன்மை போட்டது மரியாதைக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கோட்டிடம் என்ன கேட்பது? தங்கையிடம் மட்டும் கேட்டேன்.

"நோட்டை நீதானே குடுத்தே?"

அவள் விரல்களைப் பிசைந்துகொண்டாள். "வெளியாளுக்கா குடுத்தேன்? குடும்பத்துக்குள்ளதானே அண்ணா. அவர் பேரு போட்டாத்தான் எடுபடும்னு அச்சகத்துல சொன்னாங்களாம். அடுத்த பதிப்புல உன் பேரையும் போடணும்னு சொல்லியிருக்கேன். கோவமா?"

"எனக்கென்ன கோவம்."

அது உண்மை. கோபம் சூடாக இருக்கும் என்கிறார்கள். எனக்குச் சூடாக எதுவும் இல்லை. ஃபிலிம் ஊதாவாக மாறினால் வெயில் கெடுத்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். வெயில் யாரையும் கெடுப்பதில்லை. சாயம் முதல் நாளிலிருந்தே மட்டம், வெயில் அதை வெளியே கொண்டுவருகிறது. அன்று என் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. நான் தூக்கி வளர்த்த பெண். எந்த வருடத்திலிருந்து மட்டம் என்று யோசித்துப் பார்த்தேன். தேதி பிடிபடவில்லை.

பதினொன்று என்று அவர்கள் எண்ணியது தவறு. பன்னிரண்டு உண்டு. பன்னிரண்டாவது, எட்டாம் நோட்டில் இருந்தது. அவள் கேட்ட சமயம் அந்த நோட்டை நான் முடித்திருக்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை.

ஒரு கம்பெனி முன்கண்ணாடிக்கென்று புது ஃபிலிம் ஒன்றைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தது. நிறம் கிடையாது, வெப்பத்தை மட்டும் தடுக்கும். நிழலில் பார்த்தேன், பளிங்கு. உச்சி வெயிலில் பளிங்கு. கடை விளக்கில் பளிங்கு. காலை ஆறரை மணிக்கு மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்ச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். மொத்தக் கண்ணாடியும் ஒரே சீராக வெளுத்தது. முகத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டிய மாதிரி. பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டி காணாமல் போய்விட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினேன், தொட்டி திரும்பி வந்தது. இது தண்ணீரால் வருவது இல்லை. ஃபிலிமுக்குள்ளேயே கலந்திருக்கும் துகளால் வருவது. முப்பது நாள் அல்ல, முப்பது வருடம் ஆனாலும் போகாது. 'எதிர்வெயில் வெளுப்பு' என்று பெயர் வைத்தேன். விற்க வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதினேன். நன்றி தெரிவித்தார்கள். மீதி ஃபிலிம் சுருளைத் திருப்பிக் கேட்கவில்லை. சிவப்பு மையில் குறுக்குக்கோடு போட்டு அலமாரிக்குப் பின்னால் நிறுத்திவைத்தேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குறை பார்ப்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. இரண்டு மீட்டர் தள்ளி, கண்ணாடிக்கு நேராக நின்று, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அப்போது தெரியாதது குறையே அல்ல. நியாயமான முறைதான், இல்லாவிட்டால் ஆளாளுக்குப் பூதக்கண்ணாடியோடு வந்து தூசியைக் காட்டிச் சண்டை போடுவார்கள். ஆனால் பன்னிரண்டாவது குறை முகத்துக்கு எதிரே அடிக்கிற சாய்வெயிலில் மட்டும்தான் தெரியும். முறைப்படி பார்க்கிறவனுக்கு அது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

புத்தகத்துக்குப் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடானது. கார் உதிரிபாக வியாபாரிகள் சங்கம், கிழக்கே நாலு மணி நேரப் பயணம், காலை பத்து மணிக்கு மேடை. மாப்பிள்ளை பதினைந்து நாள் முன்னாலேயே தன் காரைக் கொண்டுவந்து கடையில் நிறுத்தினான்.

"மச்சான், காரை மேடைக்குப் பக்கத்துல நிறுத்திப் போட்டோ எடுப்பாங்களாம். முன்கண்ணாடி இருக்கிறதே தெரியக் கூடாது, அப்படி ஒட்டணும். நீயே உன் கையால ஒட்டு."

"எந்த ஃபிலிம்?"

"உனக்கு எது சரின்னு படுதோ அது. நீ பாத்தா தப்பா இருக்குமா?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து சுருளை எடுத்தேன். அரை நாள் ஆனது. கதவையெல்லாம் சாத்திவைத்து, தரையை நனைத்துத் தூசியை அமர்த்தி, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து இழுத்துத் தண்ணீரை வெளியேற்றினேன். ஒரு மடிப்பு இல்லை, ஒரு தூசி இல்லை. என் வாழ்க்கையில் நான் ஒட்டியதிலேயே சுத்தமான வேலை அது. மாப்பிள்ளை இரண்டு மீட்டரை அடி வைத்து அளந்து நின்று பார்த்துவிட்டு, "தேர்ச்சி" என்றான்.

நாலு நாள் கழித்து மாலையில் போன் செய்தான். "மச்சான், எதிர் வெயில்ல கொஞ்சம் வெளுப்பா அடிக்குதே?"

"வெளுப்பைப் பத்தி உன் புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"முப்பது நாள்ல தெளியும்னு."

"அப்புறம் என்கிட்ட ஏன் கேக்கறே, டாக்டர்?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். இதில் நான் பொய் சொன்னதாக ஒரு சொல்லைக் காட்ட முடியாது. அவன் புத்தகம், அவன் கார், அவன் வாய்.

இதுவரைக்கும் இது எனக்கும் அவனுக்கும் நடுவில் உள்ள விஷயம். கூட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் தங்கை கடைக்கு வந்தாள். காரை எடுத்து வந்திருந்தாள். மாப்பிள்ளை முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தான்.

"அண்ணா, எனக்கு இந்தக் கண்ணாடி பிடிக்கல. நேத்து சாயங்காலம் பாலத்துல திரும்பினேன் பாரு, முன்னாடி எல்லாம் ஒரே வெள்ளை. ஒரு சைக்கிள்காரர் இருந்ததே தெரியல. அவர் போட்ட சத்தத்துலதான் பிரேக்கை மிதிச்சேன். இவரைக் கேட்டா முப்பது நாள், முப்பது நாள்ங்கறார். வீட்ல ஒரு டாக்டர் இருந்து என்ன புண்ணியம்? நீ பாத்துச் சொல்லு."

"நாளைக்கு அவன்தானே ஓட்டறான்?"

"நல்லா ஓட்டினார். கோட்டு கசங்கிடுமாம், பின்சீட்டுல நிமிர்ந்து உக்காந்து பேச்சை மனப்பாடம் பண்ணப்போறாராம். நான்தான் ஓட்டறேன். அஞ்சு மணிக்குக் கிளம்பணும். நீயும் வாயேன் அண்ணா. உன்னையும் மேடையில கூப்பிடச் சொல்லி நான் சங்கத்துக்காரங்க கிட்டப் பேசியிருக்கேன்."

பேசியிருக்கிறாளாம். கேட்டு வாங்குகிற நாற்காலி. கடையைப் பூட்ட முடியாது என்றேன்.

காரைக் கடைக்குள் நிழலில் நிறுத்தச் சொன்னேன். இரண்டு மீட்டர் தள்ளி நின்றேன். கண்ணாடிக்கு நேராக நின்றேன். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தேன். அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் மருந்து கசக்குமா என்று கேட்டுவிட்டு இப்படித்தான் பார்ப்பாள்.

"குறை எதுவும் இல்ல" என்றேன்.

"நிஜமா?"

"நான் பாத்துச் சொல்றேன்ல."

"அப்போ என் கண்ணுலதான் கோளாறா?"

"நாற்பது தாண்டியாச்சு இல்ல. போயிட்டு வந்து கண்ணைக் காட்டிப் பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போ அண்ணா, நீ மட்டும் என்ன வாலிபனா?" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. "நீ சொல்லிட்டே, போதும். இனிமே பயமில்ல" என்று வண்டியில் ஏறினாள். திரும்பிப் போகும்போது உச்சி வெயில். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை.

மற்றது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. ஆறே முக்கால் மணி. நேர் கிழக்கே போகிற சாலை. அச்சு முறிந்து பாதிச் சாலையை மறித்து நின்ற கல் லாரி. பின்சீட்டில் இருந்தவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. ஓட்டுநர் அங்கேயே இறந்தார். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, புத்தகத்தை எரித்துவிடப்போவதாகச் சொன்னான். என் நோட்டுகளைத் திருப்பித் தருகிறேன் என்று அப்போதும் அவன் சொல்லவில்லை.

இப்போது பிழைக்கு வருகிறேன். 'ஓட்டுநர் தூங்கியிருக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு காரணம் காட்டியிருக்கிறீர்கள். ஒன்று, சாலையில் பிரேக் போட்ட தடம் இல்லை. இரண்டு, மோதுவதற்கு முன்னால் அவள் இரண்டு மூன்று தடவை கண்ணைக் கசக்கினாள் என்று மாப்பிள்ளை சொன்னது. பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் என்றுதான் படும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் பசைக்கோட்டை மடிப்பு என்று சொல்கிற மாதிரி. உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

அவள் தூங்கவில்லை. வெளுப்பு தன் கண்ணில் இருக்கிறது என்று நினைத்துக் கசக்கினாள். கண்ணாடியில் குறை இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும், அதனால் வேகத்தைக் குறைக்க அவளுக்குக் காரணம் இல்லை. அந்த லாரி அவள் கண்ணில் படவே இல்லை, அதனால் பிரேக் இல்லை. நடந்ததற்கு இதுதான் சரியான விளக்கம். உடைந்த முன்கண்ணாடியை அள்ளிக் குப்பைக்கு அனுப்பிவிட்டீர்கள். பரவாயில்லை. மீதிச் சுருள் இந்தப் பையில் இருக்கிறது, எட்டாம் நோட்டும் இருக்கிறது. நாளைக் காலை ஆறரைக்கு ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்கிறீர்கள். இருந்திருக்கலாம். ஆனால் காரணத்தைத் தப்பாக எழுதிவைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

கொலை என்ற சொல்லைப் போடலாமா என்று தயங்குகிறீர்கள். போடுங்கள். தெரிந்துதான் ஒட்டினேன். அவள்தான் ஓட்டப்போகிறாள் என்பது தெரிந்த பிறகும், குறை இல்லை என்றேன். இதில் கையெழுத்துப் போட எனக்குத் தடையில்லை.

இப்போது நான் சொல்லி நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்ற வேண்டும். 'இறந்தவர் முதல் நாள் கடைக்கு வந்து கண்ணாடி பற்றி விசாரித்தார்' என்று பொத்தாம் பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. கணவன் சொன்னதை அவள் நம்பவில்லை. புத்தகத்தை நம்பவில்லை. இந்தத் தொழிலில் தெரிந்தவன் யார் என்று அவளுக்குத் தெரியும், அதனால் தேடி வந்து என்னிடம் கேட்டாள். அப்படியே எழுதுங்கள்.

எழுதியானதும் அந்த இடத்தை எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்.